நம்மாளு கடை என்றால் பில் கேட்கக் கூடாதா?



சென்ற மாதம் ஒருநாள் இஷா முடிந்து அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் நம் சகோதரர் ஒருவர் வந்தார். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலில் குடும்பத்தோடு பரோட்டாவும் கிரில் சிக்கனும் சாப்பிட்டிருக்கிறார். விடிவதற்குள் ஒன்பது வயது மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு வந்திருந்தார்.

மனுவை வாங்கிக்கொண்டு, "பில் இருக்கிறதா, புகார் கொடுத்தீர்களா?" என்று கேட்டோம்.

"இல்லைங்க பாய். நம்மாளு கடை. போர்டுல ஹலால்னு போட்டிருக்கு. நாமளே நம்மாளு மேல புகார் கொடுத்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

இம்மாதப் பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் குடும்பங்கள் வெளியே சாப்பிடப் போனால் கேட்பது ஒரே கேள்விதான்: ஹலாலா? அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. தய்யிப் என்றால் நல்லது, தூய்மையானது, உடலுக்குக் கேடு செய்யாதது. முறையாக பிஸ்மி சொல்லி அறுத்த கோழியையே பாதி வேகவைத்துப் பரிமாறினால் முதல் சொல் நிறைவேறியது, இரண்டாவது சொல் என்ன ஆயிற்று? போர்டில் முதல் சொல்லை மட்டும் எழுதிவைத்தோம். இரண்டாவதை நாமும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கவனியுங்கள், வியாபாரியைத் தனியே அழைத்துப் போய்க் காதோடு சொல்லவில்லை. சந்தையில் வைத்தே கேட்டார்கள். நம்மாளு என்று விட்டுவிடுவது எந்த சுன்னத்திலிருந்து வந்தது என்று நமக்குப் புரியவில்லை.

அதற்காக எதைப் பார்த்தாலும் சந்தேகப்படச் சொல்லவில்லை. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா என்று தெரியவில்லை என்று கேட்டபோது, நீங்கள் பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நபியவர்கள் வழிகாட்டியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர் விசேஷத்துக்கு அழைத்துப் போடும் சாம்பார் சோற்றை முகர்ந்து பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம்.

பாக்கெட் உணவில் சட்டமே நமக்குக் கைகொடுக்கிறது. சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அதில் விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ இருக்கக் கூடாது. அசைவத்துக்குப் பழுப்பு நிற முக்கோணம். இது சைவம் சாப்பிடுபவர்களுக்காக வந்த குறி. 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், உணவில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்று முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தது ராம் கௌ ரக்ஷா தள் என்ற பசுப் பாதுகாப்பு அறக்கட்டளை! அவர்கள் தங்கள் நம்பிக்கைக்காகப் போன வழக்கில் நமக்கும் பயன் கிடைத்தது. பல மதத்தவர் ஒன்றாக வாழும் நாட்டில் ஒருவர் துணிந்து கேட்டால் எல்லோருக்கும் ஆகிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பச்சைக் குறி ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்லாது. வெளிநாட்டுச் சாக்லேட், கேக் வாங்கும்போது பொருட்பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நம் பகுதியிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்க்கும் பிள்ளைகள், "அங்கே முத்திரையைப் பார்த்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்" என்பார்கள். உண்மைதான். அங்கே முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம் சட்டத்தின் பலத்தோடு ஹலால் சான்றிதழ் தருகிறது. அனுமதியில்லாமல் அந்த முத்திரையைப் போட்டால் அபராதமும் சிறையும் உண்டு. நம் ஊர் ஓட்டல்களுக்கு அப்படி ஓர் அரசு முத்திரை இல்லை. தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் சில இடங்களில் இருக்கிறது. மற்ற இடங்களில் பெயிண்டர் எழுதிய எழுத்துதான். அந்த எழுத்துக்கு மதிப்பு கடைக்காரரின் அமானிதம் ஒன்றே. எங்கிருந்து கறி வருகிறது, யார் அறுக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டால் நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

இனி தய்யிபுக்கு வருவோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பக்கத்து ஊர் சம்பவம், ஆனால் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்துவிட்டோம். கம்பியில் சுற்றும் கறி வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே அரைவேக்காடாக இருக்கும். கூட்டம் அதிகமானால் மாஸ்டர் அவசரத்தில் உள்ளே வரை சீவிப் போட்டுவிடுவார். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகுகிறது. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸ் இன்னும் மோசம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதற்கு ஓராண்டுத் தடை விதித்ததே சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான்.

கடையில் உட்கார்ந்ததும் கல்லாவுக்குப் பின்னால் 14 இலக்க எண்ணோடு உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவுச் சான்றோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். பில்லைக் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அதைக் கட்டாயமாக்கக் கூடாது.  நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் புகாருக்குத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

அந்தச் சகோதரரின் விஷயத்துக்கு வருகிறோம். நிர்வாகிகள் மூவர் அந்தக் கடைக்குப் போனோம். "ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னா நான் என்ன பண்றது?" என்றுதான் முதலாளி ஆரம்பித்தார். சமையல்கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதும் கொஞ்சம் இறங்கினார். காலையில் அடித்த மயோனைஸ் வாளி மாலை வரை கிரில் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. பதிவுச் சான்று காலாவதியாகி ஏழு மாதம். குழந்தையின் செலவு முழுவதையும் தந்துவிடுகிறேன், புகார் மட்டும் வேண்டாம் என்றார்.

டிரஸ்ட் கூட்டத்தில் இதற்கு இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சமுதாயத்தின் மானம் போகும் என்றார்கள் இரண்டு மூத்த உறுப்பினர்கள். அவர்களின் கவலையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அரியலூர் சிமெண்ட் லாரி ஓட்டுநர்கள். ஹலால் போர்டை நம்பி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். செலவுத் தொகையைத் தகப்பனார் மன்னிக்கலாம், அது அவர் உரிமை. நாளை இன்னொரு பிள்ளைக்கு ஆவதை மன்னிக்க அவருக்கோ நமக்கோ உரிமை இல்லை. பெரும்பான்மை முடிவுப்படி புகார் போனது. பில் இல்லாத குறைக்கு, செல்போனில் பணம் அனுப்பிய பதிவும் ஆஸ்பத்திரிச் சீட்டும் உதவின. அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு, மதரஸா ஹாலில் ஓட்டல், பேக்கரி, தள்ளுவண்டி வைத்திருப்பவர்களும் வலீமா சமையல் மாஸ்டர்களும் கூடுகிறோம். பதிவுச் சான்று இல்லாதவர்களுக்கும் காலாவதியானவர்களுக்கும் அங்கேயே இணையத்தில் விண்ணப்பித்துத் தருவோம். ஆதார் நகலும் ஒரு புகைப்படமும் கொண்டுவரவும். அந்த முதலாளிக்கும் அழைப்பு கொடுத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.