மரச்சாமானுக்கு அழகு சேர்ப்போம் (தொழில் பாடம்)



வீட்டிலிருந்தே செய்யற மாதிரி ஒரு தொழில் சொல்லுங்க என்று கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். அதனால் இந்த மாதம், சாதாரண மரத்தட்டு, சாவி மாட்டும் பலகை, நகைப்பெட்டி போன்றவற்றில் பெயிண்ட் அடித்து, பூப்போட்ட காகிதம் ஒட்டி விற்பது பற்றிப் படிப்போம்.

இது புதுசு இல்லை. சீனா, ஜப்பான் நாட்டு அரக்கு வேலைச் சாமான்கள் விலை அதிகம் என்பதால், 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரில் படங்களை வெட்டி மரத்தில் ஒட்டி, மேலே பலமுறை வார்னிஷ் பூசினார்கள். அதற்கு 'ஏழை அரக்கு' என்றே பெயர். குறைந்த செலவு, நிறைய பொறுமை. அதுதான் இதில் முதலீடு.

மரம் வாங்கும்போது

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் வரும் மரப்பெட்டி, பேலட் பலகைகள் பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பலகையில் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்ற எழுத்து இருந்தால், பூச்சி சாக மரத்தின் உள்பக்கம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடு காட்டியது. அதை வாங்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு போட்டது. வேண்டாம். முத்திரை தெரியாத பலகை, எண்ணெய்க் கறை பட்ட பலகையும் வேண்டாம்.

செய்முறை

1. முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கவும். தேய்க்கும்போது மூக்கை, வாயைத் துணியால் கட்டிக்கொள்ளவும். பிறகு தூசியைத் துடைக்கவும்.

2. பிரைமர் ஒரு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கவும்.

3. மெல்லிய காகிதமே நல்லது. பரிசு சுற்றும் தாள் போதும். 2 பங்கு மரப்பசைக்கு 1 பங்கு தண்ணீர் கலந்து பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெத்தென்ற துணியால் நீவி ஒட்டவும். காற்றுக் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தி அழுத்தவும்.

4. ஒரு நாள் காயட்டும். பிறகு தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் மூன்று கோட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

நாங்களும் முதலில் தப்புப் பண்ணினோம். ஒரு கார்த்திகை மாதம் 12 தட்டு ஆர்டர். அவசரத்தில் பசை காயும் முன்னே வார்னிஷ் அடித்துவிட்டோம். ஒரே வாரத்தில் 7 தட்டில் காகிதம் கொப்பளித்துத் திரும்பி வந்தது. மழைக்காலத்தில் ஆர்டர் எடுத்தால் கூடுதல் நாள் கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகள் கவனம்

சில பெயிண்டில் காரீயம் இருக்கும். இது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை. குழந்தை வாயில் வைத்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற சட்டவிதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்த விவரம் பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லாத சில்லறை பெயிண்ட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சாப்பாடு படும் இடத்தில் பெயிண்டும் வார்னிஷும் பூச வேண்டாம்.

விலை போடுவது எப்படி?

ஒரு தட்டுக்கு உதாரணக் கணக்கு: மரம் 60 ரூபாய், பிரைமர், பெயிண்ட் 35, காகிதம் 10, பசை, வார்னிஷ் 25. மொத்தம் 130 ரூபாய். இதை 180க்கு விற்று, 50 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் காயும் நேரம் போக நம் கை வேலை மட்டும் 3 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் வைத்தாலும் கூலி 150. அப்படியானால் அடக்கம் 280. 180க்கு விற்றால் 100 ரூபாய் நஷ்டம்! வெளியே வேலைக்குப் போனால் கூலி கேட்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் செய்தால் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

பத்துத் தட்டைச் சேர்த்துச் செய்தால் ஒரு தட்டுக்கு ஆகும் நேரம் குறையும். ஒருவர் தேய்க்க, ஒருவர் பெயிண்ட் அடிக்க, ஒருவர் ஒட்டலாம். குழுவின் பலம் அங்கேதான்.

குழுக் கூட்டத்தில் பேச:

* நம் ஊரில் மரம் எங்கே கிடைக்கும்? முத்திரை பார்த்தோமா?
* நவராத்திரிக்கு விற்க எந்த மாதம் வேலையைத் தொடங்க வேண்டும்?
* நம் கூலியைக் கணக்கு நோட்டில் எழுதுகிறோமா?

முதலில் ஒரே ஒரு தட்டு செய்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.