மூடிய கண்ணுக்குள் தெரிந்த வெளிச்சம்

இருட்டறையில் கண்ணை இறுக மூடிப் படுத்திருப்பவருக்கு வெளிச்சம் தெரிய வழியில்லை. ஆனால் 1969 ஜூலையில் அப்போலோ 11 கலத்தில் சந்திரனுக்குப் போய்வந்த பஸ் ஆல்ட்ரின், இருட்டான கலத்துக்குள் அவ்வப்போது ஒளிப் புள்ளிகள் மின்னி மறைந்ததாகத் திரும்பி வந்தபின் தெரிவித்தார். அடுத்தடுத்துச் சென்றவர்களைக் கவனிக்கச் சொன்னார்கள், அவர்களும் கண்டார்கள். சிலருக்குப் புள்ளி, சிலருக்குக் கீற்று. பார்வை இருளுக்குப் பழகியபின் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒன்று வீதம் தெரிந்தது.

இது மனப்பிரமை அல்ல. விண்வெளிக்குச் செல்வோரின் கண்ணில் காஸ்மிக் கதிர் பட்டால் ஒளி தோன்றக்கூடும் என்று கார்னீலியஸ் டோபயாஸ் என்ற விஞ்ஞானி 1952-லேயே சொல்லியிருந்தார். கதிர் என்பது பெயர்தான். உண்மையில் இவை ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் அணுக்கருக்கள். பெரும்பாலும் புரோட்டான்கள், அடுத்து ஹீலியம், மிகக் கொஞ்சமாக இரும்பு போன்ற கனத்த கருக்கள். பூமியில் நம்மைக் காற்று மண்டலமும் காந்தப்புலமும் காக்கின்றன. விண்கலத்தின் அலுமினியச் சுவரையே துளைத்து வரும் துகளுக்குக் கண்ணிமை எம்மாத்திரம்?

டோபயாஸ் தம் கருத்தைப் பிறர் தலையில் சோதிக்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில், துகள் முடுக்கியிலிருந்து வரும் நியூட்ரான் கற்றைக்கு முன் அவரும் சக விஞ்ஞானிகளும் தங்கள் தலையையே வைத்தனர். ஒளிப்பொட்டுகள் தெரிந்தன! (மாணவர்கள் இதில் விடையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும், வழிமுறையை அல்ல.) துகள் விழித்திரையின் செல்களை நேரடியாகத் தூண்டுவது ஒரு காரணம். கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த கூழ்மத்தில் அது பாயும்போது செரென்கோவ் ஒளி எனப்படும் மெல்லிய நீல ஒளி பிறப்பது இன்னொரு காரணம்.

வீரர் "இப்போது தெரிந்தது" என்று சொன்னால் மட்டும் போதுமா? அந்த நொடியில் துகள் ஒன்று கண்ணைக் கடந்ததா என்பதற்குச் சாட்சி வேண்டும். அதற்காக அப்போலோ 16, 17 பயணங்களில் தலைக்கவசம் போன்ற ஒரு கருவியைக் கொண்டுபோனார்கள். அதில் துகளின் தடம் பதியும் புகைப்படத் தகடுகள் இருந்தன. ஒன்று அசையாமல் நிற்கும். மற்றொன்று சீராக நகரும். இரண்டிலும் பதிந்த தடங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தால் துகள் வந்த நேரம் கிடைத்துவிடும். எளிய யோசனை, ஆனால் எவ்வளவு நுட்பம்! பின்னர் 2006-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற இத்தாலியின் ஆல்டியா கருவியில் தகடுகளுக்குப் பதில் தலையைச் சுற்றி ஆறு சிலிக்கான் உணரிகள் இருந்தன. கூடவே மூளையின் மின் அலைகளையும் பதிவு செய்தார்கள்.

மொத்த அளவைக் காண வேறு கருவி உண்டு. லித்தியம் புளோரைடு படிகத் துண்டுகள் கதிரின் ஆற்றலைச் சேமித்து வைக்கும். பூமிக்குக் கொண்டுவந்து சூடாக்கினால் அதை ஒளியாக வெளிவிடும். அந்த ஒளியை அளந்தால் கணக்குத் தெரியும். விண்வெளி நிலையத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிசீவெர்ட், சில சமயம் அதற்கும் மேல். தரையில் நாம் இயற்கையாகப் பெறுவது, உலக சராசரியில், ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். நமது ஓராண்டுப் பங்கு அவர்களுக்கு ஐந்தே நாளில் சேர்ந்துவிடுகிறது.

மின்னல் போன்ற அந்த ஒளியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வந்த வேகத்தில் மறைந்துவிடும். கவலைக்குரியது சத்தமில்லாமல் வரும் கண்புரை. அமெரிக்க விண்வெளி வீரர்கள் 295 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2001-இல் வெளியானது. கண்வில்லையில் 8 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் கதிர் பெற்றவர்களுக்கு, குறைவாகப் பெற்றவர்களைவிடக் கண்புரை அதிகமாகவும் முன்னதாகவும் வந்திருந்தது. கண் சிகிச்சை முகாமில் முதியவர்களிடம் நாம் காணும் அதே கண்புரைதான்.

வில்லைக்கு ஏன் இந்தக் கதி? அதற்கு இரத்த நாளம் கிடையாது. பழுதான செல்லை அகற்றிப் புதுப்பிக்கும் வசதி உடலின் மற்ற இடங்களைப்போல் அங்கில்லை. விளிம்பில் பழுதான செல்கள் ஒழுங்கற்ற நார்களாக வளர்ந்து வில்லையின் பின்புறம் சேர்கின்றன. அது மங்கலாகத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த வீரர் பணி ஓய்வுகூடப் பெற்றிருப்பார். இதனால்தான் பயணம் முடிந்த பிறகும் அவர்களுடைய கண்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து வருகிறார்கள்.