சிலாபத்தில் ரிப்பீட்டர்

கேள்வி: இரண்டு மொபைல் ரேடியோக்களை இணைத்து சிலாபத்தில் அமெச்சூர் ரிப்பீட்டர் அமைத்தால், அனுப்பத் தொடங்கியதும் வரும் குரல் அமுங்கிப்போவது ஏன்?

பதில்: இரண்டு மீட்டர் அலைப்பட்டையில் வாங்கும் அதிர்வெண்ணுக்கும் அனுப்பும் அதிர்வெண்ணுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹேர்ட்ஸ்தான். பக்கத்திலேயே 50 வாட் அலை கிளம்பும்போது, மைக்ரோவோல்ட்டுக்கும் குறைந்த சிக்னலைப் பிடிக்க மொபைல் ரேடியோவின் ரிசீவரால் இயலாது. அதைவிடக் கெட்டது, டிரான்ஸ்மிற்றரின் அகன்ற இரைச்சல். அது வாங்கும் அதிர்வெண்ணிலேயே விழுவதால், ரிசீவர் பக்கம் எந்த வடிகட்டி வைத்தாலும் போகாது. டிரான்ஸ்மிற்றர் வாயிலிலேயே தடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வடிகட்டும் டூப்ளெக்சரும் இரட்டைக் கவசக் கேபிளும் அதற்காகத்தான்.

கடலோர ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் துருவேறிய இணைப்புகள் டயோடுபோல் இயங்கி, இல்லாத அலைகளைப் பிறப்பிக்கும். சிலாபத்தில் அன்டெனாக் கம்பத்தின் ஆணிகளையும் கேபிள் முனைகளையும் அடிக்கடி பார்ப்பது அவசியம். அனுப்பும் சக்தியைக் குறைத்தால் குறுக்கீடும் ரேடியோவின் சூடும் சேர்ந்தே தணியும்.