ரசிகர் கட்டும் தேடுதளம்

கேள்வி: ஸ்டீம் கடையின் கேம்களை ரூபாய் விலைப்படி தேட நானே ஒரு தளம் கட்டலாமா?
– கல்லூரி மாணவர், சேலையூர்

பதில்: தாராளமாக! ஸ்டீம்டிபி அப்படிப் பிறந்ததுதான். கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரு கேமின் விலை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று வரைபடமே போட்டுக் காட்டும். தாம்பரம் பஸ்ஸுக்கு 21ஜி என்பதுபோல் ஒவ்வொரு கேமுக்கும் ஓர் எண் உண்டு. டோட்டா 2க்கு 570. தேடலுக்கு அதுதான் பிடி.

சிக்கல், அடுத்தவர் மனையில் வீடு கட்டுவது. 2015இல் செர்கேய் கல்யோன்கின் தொடங்கிய ஸ்டீம்ஸ்பை, பயனர் பக்கங்களைப் படித்து விற்பனையைக் கணித்தது. 2018 ஏப்ரலில் வால்வ் அந்த விவரங்களை மறைத்ததும் ஆட்டம் கண்டது.

ஆகவே பக்கங்களைச் சுரண்டாமல், வால்வே தரும் ஏபிஐ சாவியோடு தொடங்குங்கள். வரம்பு, நாளுக்கு 1,00,000 அழைப்புகள்.