படியேறும் வேகம்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. உண்மைதான். ஆனால் முளையை எத்தனை நாள் பார்த்திருந்தால் தெரியும், அதில் எதைப் பார்த்தால் தெரியும் என்று பழமொழி கூறவில்லை. அவ்விரண்டையும் ஒரு விளையாட்டைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்கத்து நண்பர் சிலர், 1997இல் சுவீடன் நாட்டில் தோன்றிய ஹாட்ரிக் என்னும் இணையவழிக் கால்பந்து ஆட்டத்தில் ஆளுக்கோர் அணியை நடத்தி வருகின்றனர். இதில் பந்தை உதைப்பார் ஒருவருமில்லை. வீரரைத் தேர்வதும், பயிற்சி வகுப்பதும், முடிவுக்குக் காத்திருப்பதுமே ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் இளையோர் பயிற்சிக் கூடம் ஒன்று உண்டு. அங்கே வளரும் பையன்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்பதே நடத்துவோரின் தலையாய கவலை.

அண்மையில் இரு நண்பர்களிடையே ஒரு வழக்கு எழுந்தது. அவர்கள் சேர்ந்து நடத்தும் அணியில் முன்னணி ஆட்டக்காரராகும் பையன்கள் இருவர். இளையவனுக்கு 15 ஆண்டு 40 நாள். கோல் அடிக்கும் திறன் 4ஆம் படி. வந்து ஆறு வாரமாகியும் ஏறவில்லை. மூத்தவனுக்கு 16 ஆண்டு 84 நாள். 5ஆம் படியில் வந்தவன் முதல் வாரத்திலேயே 6ஆம் படியைத் தொட்டான். அதன்பின் நான்கு வாரம் ஆயிற்று. ‘இளையவன் மந்தன், அனுப்பிவிடுவோம்’ என்றார் ஒருவர். ‘சற்றுப் பொறுப்போம்’ என்றார் மற்றவர். வழக்கு என்னிடம் வந்தது. நான் அவர்களுக்குச் சொன்ன விடையை எல்லோருக்கும் பயன்படுமாறு விரித்து எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, கண்ணுக்குத் தெரியும் படி முழு எண் மட்டுமே என்பது. பின்னம் மறைந்தே இருக்கும். 5.0 உள்ளவனும் 5, 5.9 உள்ளவனும் 5. ஆகவே முதல் வாரத்தில் ஏறியவன் விரைவாக ஏறினான் என்று சொல்ல இயலாது. அவன் படியின் விளிம்பில் வந்து நின்றவனாக இருக்கலாம். ஓர் அடி வைத்ததும் படி மாறியிருக்கும். முதல் ஏற்றம் அவன் எங்கே தொடங்கினான் என்பதைப் பொறுத்தது. அதை மட்டும் கொண்டு வேகத்தை அளத்தல் ஆகாது.

வேகத்தை அளக்க வேண்டுமானால் ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே உள்ள வாரங்களை எண்ண வேண்டும். ஒருவன் 5ஆம் படியைத் தொட்டு, ஐந்து வாரம் கழித்து 6ஆம் படியைத் தொட்டான் என்று கொள்வோம். படியைத் தாண்டும் வாரத்தில் எவ்வளவு தாண்டினான் என்பது தெரியாதாகையால், முன்னும் பின்னும் ஒரு வாரம் இடம் விட வேண்டும். அதாவது அவனுக்கு ஒரு படிக்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். பதினொரு வாரத்தில் இரண்டு படி ஏறினால், ஐந்து முதல் ஆறு வாரம் என்று கணக்கு நெருங்கிவிடும். மேற்படிகளில் வேகம் குறையும் என்பதையும் மறத்தல் கூடாது.

இரண்டாவது, எண்ண வேண்டியவை நாட்காட்டியின் வாரங்கள் அல்ல. பயிற்சி பெற்ற வாரங்கள். கோல் அடிக்கும் பயிற்சி முன்னணியில் ஆடியவனுக்கே முழுமையாகச் சேரும். வெளியே உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றும் இல்லை. இளையவனின் ஏட்டைப் புரட்டியபோது, ஆறு வாரத்தில் இரண்டு வாரம் அவன் இடைக்களத்தில் ஆடியிருந்தது தெரிந்தது. எஞ்சியவை நான்கே.

இப்போது இருவரையும் ஒப்பிடுவோம். இளையவன் நான்கு பயிற்சி வாரத்தில் ஒரு படி முழுமையாக ஏறவில்லை. மூத்தவனும் 6ஆம் படியைத் தொட்டபின் நான்கு பயிற்சி வாரத்தில் ஒரு படி முழுமையாக ஏறவில்லை. ஆக, இருவரைப் பற்றியும் நாம் உறுதியாக அறிந்தது ஒன்றே: ஒரு படிக்கு நான்கு வாரத்திற்கு மேல் வேண்டும். ஒருவனை மந்தன் என்றும் மற்றவனை விரைவானவன் என்றும் சொல்ல இந்த ஏட்டில் சான்று ஏது?

சான்று சமமாக இருக்கும்போது வயதை நோக்க வேண்டும். இவ்வாட்டத்தில் ஓர் ஆண்டு என்பது 112 நாள், அதாவது 16 வாரம். 17 வயது நிறையாதவனை மூத்தோர் அணிக்கு உயர்த்த இயலாது. வயது ஏற ஏறப் பயிற்சி மெதுவாகும் என்பதால் அதற்குப்பின் வீணே நிறுத்தி வைப்பதும் நட்டம். இளையவன் 17ஐ எட்ட 184 நாள், ஏறத்தாழ 26 வாரம். மூத்தவனுக்கோ 28 நாள், நான்கே வாரம். இருவருக்கும் படிக்கு எட்டு வாரம் என்று கொண்டாலும், இளையவனுக்கு மூன்று படிக்கு மேல் ஏற நேரம் உண்டு. மூத்தவனுக்கு அரைப் படிக்கே நேரம் உண்டு. இன்று இரண்டு படி கீழே நிற்பவன் 17ஆம் வயதில் மேலே நிற்கக்கூடும்.

கூடும் என்றேனேயன்றி, நிற்பான் என்று கூறவில்லை. ஏனெனில் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு திறனிலும் ஓர் எல்லை உண்டு. ஐந்து வாரத்திற்கு ஒரு படி ஏறி வந்தவன் ஒன்பது பயிற்சி வாரமாகியும் அசையவில்லையென்றால், எல்லையை அடைந்தான் என்று ஐயுறலாம். அப்போது தயங்காது பயிற்சியை மாற்ற வேண்டும். முன்னணியில் ஒரே ஆட்டத்தில் மூவருக்கு மேல் இடமில்லை. ஏறாதவன் ஒருவன் நின்றால் ஏறக்கூடியவன் ஒருவன் வாரம் இழக்கிறான். இரக்கத்திற்கும் கணக்கு வேண்டும்.

ஆதலின் நண்பர்களுக்கு நான் கூறிய முடிவு இது. இளையவனை அனுப்ப வேண்டா. இனி வாரந்தவறாமல் அவனை முன்னணியிலேயே ஆடவிடுங்கள். ஓர் ஏட்டில் வாரம், ஆடிய இடம், ஆடிய நிமிடம், பயிற்சி, படி என ஐந்து பத்தி கீறிக் குறித்து வாருங்கள். முதல் ஏற்றத்தைக் கண்டு மகிழுங்கள்; இரண்டாம் ஏற்றத்தைக் கண்டபின் தீர்ப்புக் கூறுங்கள். நண்பர்கள் இசைந்தனர். பையன் இன்னும் 4ஆம் படியில்தான் இருக்கிறான். ஏடு வளர்ந்து வருகிறது.

விளையாட்டில் இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் நம் விடுதிக்குப் புதிய மாணவர் வருகின்றனர். முதல் தேர்வின் மதிப்பெண்ணைக் கண்டே ஒருவரைக் கெட்டிக்காரர் என்றும் மற்றொருவரைத் தேறாதவர் என்றும் பேசிவிடுகிறோம். ஒருவர் விளிம்பில் நின்று வந்திருப்பார். மற்றொருவர் அடியிலிருந்து தொடங்கியிருப்பார். பாடம் நடந்த மொழியே அவருக்குப் புதிதாக இருந்திருக்கும். ஒரு பையனுக்கு நாம் தரும் இரண்டாம் ஏற்றத்தின் காலத்தை, உடன் பயிலும் தோழருக்குத் தர மறுப்பது எவ்வகையில் முறையாகும்?