ஒரே வருஷத்தில் ஸ்கேன் படிப்பா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் படித்து முடித்திருக்கிறாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். பக்கத்துத் தெருவில் ஒரு நிலையத்தில், "ஒரே வருஷம், அல்ட்ராசவுண்ட் வரைக்கும் கற்றுத் தருகிறோம்" என்கிறார்கள். எண்ணூரில் வெல்டிங்குக்கு எக்ஸ்ரே பார்க்கும் என் தம்பியோ, "பொம்பளைப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு ஆகாது, பின்னால் குழந்தைப்பேறு பாதிக்கும்" என்று தடுக்கிறான். என்ன செய்வது?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: அந்த நிலையத்தில் பணம் கட்டாதீர்கள், அம்மா. அல்ட்ராசவுண்டைக் காட்டி அழைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்ய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள மருத்துவரை மட்டுமே அனுமதிக்கிறது. டெக்னீஷியன் செய்தால் குற்றம். இதைச் சொல்லாமல் சேர்க்கும் இடம் வேறு எதையெல்லாம் மறைக்குமோ!

உங்கள் தம்பியின் பயத்தில் பாசம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. வெல்டிங் சோதனையில் பெரும்பாலும் புழங்குவது இரிடியம்-192. அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. பெட்டிக்குள் இருந்தாலும் கதிர் விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அப்படியல்ல. பட்டனை அழுத்தும் அந்த நொடிதான் கதிர், விட்டால் அறையில் எதுவும் தங்காது. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிரே இல்லை, காந்தம்தான். எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர் ஈயக் கவசத்துக்கு உள்ளே, மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, உடலில் பட்ட அளவைக் கணக்கிடுவார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. முறையாக நடக்கும் எக்ஸ்ரே பிரிவில் பெரும்பாலோருக்கு அதில் சிறு பங்குதான் ஏறுகிறது. நாளை உங்கள் மகள் கருவுற்றால் உடனே துறைத் தலைவரிடம் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தனி வரம்பு 1 மில்லிசீவர்ட், அதற்கேற்ப வேலையை மாற்றித் தருவார்கள். பேட்ஜ் கொடுக்காத இடத்தில் மட்டும் அவள் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி மூன்று வருஷம், அதன்மேல் ஒரு வருஷப் பயிற்சி. பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். டிப்ளமோவும் உண்டு, வீட்டில் சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் அதுவும் மரியாதையான வழிதான். அரசு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது. அந்த அறிவிப்பைத் தவற விடாதீர்கள்.

தனியார் கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போய் நில்லுங்கள். சி.டி. மெஷின் சொந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறதா, "டை-அப்" என்று வேறெங்கோ கை காட்டுகிறார்களா? வரிசையில் எத்தனை நோயாளிகள்? மாணவர்கள் தாங்களே படம் எடுக்கிறார்களா, ஓரமாக நின்று பார்க்கிறார்களா? இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருத்தியை டீக்கடைப் பக்கம் தனியாகக் கேளுங்கள், உண்மை வரும். ஏராளமான எலும்பு முறிவையும் நெஞ்சுப் படத்தையும் தன் கையால் எடுத்தால்தான் இந்த வேலை கைக்கு வரும். நான் இவ்வளவு அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படி நோயாளிகள் நிறைய வரும் இடத்தைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். சாலைக்கு அந்தப் பக்கம் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை; 1934-இல் திறந்த பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் அங்கேதான். மகளை ஒரு காலை அழைத்துப் போய் எக்ஸ்ரே வரிசையைக் காட்டுங்கள். தம்பியும் கூட வரட்டும்.