மந்தை பிழைக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

சமூகப்பணிப் படிப்பு முடிந்து, வடகென்யாவின் துர்க்கானா பகுதிக்கு நிவாரண வேலைக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. "இத்தனை வருஷமாக இலவச தானியம் கொடுத்துக் கொடுத்தே அந்த மக்களைக் கையேந்தப் பழக்கிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்றும் கேட்டிருந்தாய். போவதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லதாயிற்று. தவறான பதிலோடு அங்கே போய் இறங்கினால், நீ பார்ப்பதெல்லாம் அந்தப் பதிலுக்குச் சாட்சியாகவே தெரியும்.

முதலில் அவர்கள் பிழைப்பைப் புரிந்துகொள். துர்க்கானாவில் மழை குறைவு. பெய்கிற மழையும் எங்கே, எப்போது பெய்யும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மந்தையை ஓட்டிக்கொண்டு புல்லைத் தேடிப் போகிறார்கள். ஒட்டகம், மாடு, வெள்ளாடு, செம்மறி, கழுதை என்று பலவகை வளர்ப்பதிலும் கணக்கு இருக்கிறது. மாடு புல்லை நம்பி வாழும். ஒட்டகமும் வெள்ளாடும் இலைதழை தின்று தாக்குப்பிடிக்கும். ஒன்று மடிந்தாலும் இன்னொன்று குடும்பத்தைக் காப்பாற்றும். நகர்வது அவர்களுக்குத் தொழில்நுட்பம். போக்கிடம் இல்லாத அலைச்சல் என்று அதை எழுதிவிடாதே.

வறட்சி எப்படி ஒரு குடும்பத்தைச் சாய்க்கிறது என்று பார். முதலில் பால் வற்றும். பிள்ளைகளின் உடம்பு வாட ஆரம்பிப்பது அப்போதுதான். பால் போனதும் தானியம் வாங்க வேண்டும். அதற்கு ஆடுமாட்டை விற்க வேண்டும். ஊரே ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருவதால், எலும்பும் தோலுமான மாட்டின் விலை சரியும். சோளத்தின் விலை ஏறும். பிறகு மாடுகள் விழும், செம்மறிகள் விழும். கடைசியில் ஈனக்கூடிய பெட்டைகளையும் விற்பார்கள். விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பானது அது.

இந்த வரிசையில் நிவாரணம் எங்கே வந்து சேர்கிறது? கணக்கெடுப்பு, நிதிக்கு வேண்டுகோள், கொள்முதல், கப்பல், லாரி என்று மாதங்கள் ஓடும். அமெரிக்க உணவு உதவியில் பெரும்பகுதி அந்நாட்டிலேயே வாங்கப்பட்டுக் கடல்கடந்து வந்துகொண்டிருந்தது நீண்டகால நடைமுறை. தானியம் இறங்கும்போது ஆள் உயிரோடு இருப்பான்; மந்தை இருக்காது. மழை திரும்பினாலும் புல்லை மேய எதுவும் இல்லை. அவன் எங்கே போவான்? தானியம் தருகிற இடத்திலேயே குடிசை போடுவான். 1979-81 பஞ்சத்துக்குப் பின் துர்க்கானாவில் முகாம்களைச் சுற்றிப் பலர் தங்கிவிட்டது இப்படித்தான். நாம் சார்பு என்கிறோமே, அதன் வேர் சோம்பல் இல்லை, மந்தையை இழந்ததுதான்.

நல்லெண்ணத்தோடு செய்த வளர்ச்சித் திட்டங்களும் சறுக்கியதுண்டு. துர்க்கானா ஏரிக்கரையில் கலோகோல் என்ற இடத்தில், நார்வே உதவியோடு மீனை உறையவைக்கும் ஆலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் எழுந்தது. மேய்ப்பர்களை மீனவர்களாக்குவது நோக்கம். அந்த வெக்கையில் மீனைக் குளிரூட்ட ஆகும் செலவு, மீனின் விலையைவிட அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆலை சில நாட்களே ஓடியது. கொஞ்ச காலத்தில் மீன்வளம் மிக்க ஃபெர்குசன் வளைகுடாவே வற்றிப்போனது. ஆடுமாடுகளை விட்டுவிட்டு ஏரியை நம்பி வந்த குடும்பங்கள் மறுபடி நிவாரண வரிசையில் நின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் உதவியை நிறுத்துவதே நல்லது" என்று முடிவுகட்டிவிடாதே. 2011-ல் சோமாலியாவில் என்ன நடந்தது? மாதக்கணக்கில் முன்னெச்சரிக்கை இருந்தும் உலகம் தாமதித்தது. ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டார்கள். பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தவிர, அளவு குறைவாகவும் வருமா வராதா என்ற நிச்சயமில்லாமலும் கிடைக்கிற தானியத்தை நம்பி எவரும் பிழைப்பைக் கைவிடுவதில்லை. கிடைத்ததை உறவுக்கும் அண்டைவீட்டுக்கும் பகிர்ந்துகொள்கிறார்கள். தெற்கு எத்தியோப்பியாவின் போரானா மக்களிடம், மந்தையை இழந்தவனுக்குக் குலத்தார் மாடு கொடுத்துத் தூக்கிவிடும் 'புசா கொனோஃபா' என்ற முறை தொன்றுதொட்டு இருக்கிறது. நிவாரணம் போவதற்கு முன்பே அங்கே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அதைப் பலப்படுத்துகிறோமா, பலவீனப்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

சரியாகச் செய்ததற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2006 வறட்சியில் எத்தியோப்பியாவின் மொயாலே பகுதியில், மாடுகள் சாவதற்கு முன்பே வியாபாரிகளை அழைத்துவந்து, கடனும் கொடுத்து வாங்க வைத்தார்கள். சுமார் 20,000 மாடுகள் விலைபோயின. விற்ற குடும்பத்துக்குச் சராசரியாக 186 டாலர் கிடைத்தது. அந்தப் பணத்தில் சாப்பாட்டுக்கு வாங்கினார்கள், மிச்ச மாடுகளுக்குத் தீவனம் வாங்கினார்கள், புல் உள்ள இடத்துக்கு லாரி பிடித்து ஏற்றிப்போனார்கள், உறவினருக்கும் கொடுத்தார்கள். செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 41 டாலர் பலன் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கென்யாவில் மர்சபிட் பகுதியில் 2010-ல் தொடங்கிய கால்நடைக் காப்பீடு, நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோளால் அளந்து இழப்பீடு தந்தது. 2015 முதல் அரசுத் திட்டம், ஆடுமாடு செத்தபின் தராமல் புல் காயும்போதே பணம் தந்தது. உரிய நேரத்தில் கைக்குப் பணம் வந்தால், அதை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும்.

பணமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மேய்ச்சல் தடங்களை வேலி மறித்தால், எல்லையில் துப்பாக்கி மறித்தால், எந்தக் காப்பீடும் மந்தையை நகர்த்தாது. நினைத்த இடத்திலெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டினால், சுற்றிலும் புல் அழிந்து கட்டாந்தரையாகும். 2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தபோது, கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. பருவம் மாறிவரும் காலத்தில் அவர்களுக்கு நகரும் உரிமை முன்னைவிட அவசியம்.

ஆகவே தம்பி, அங்கே போனதும் மூட்டைக் கணக்கோடு ஆரம்பிக்காதே. பால் கறக்கிறதா என்று கேள். ஆட்டின் விலை, சோளத்தின் விலை இரண்டையும் வாராவாரம் குறித்து வை. பெண்களிடமும் இடையர் சிறுவர்களிடமும் பேசு; பிணியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். விலை சரியத் தொடங்கியதுமே தலைமையகத்துக்கு எழுது. பதில் வரவில்லையென்றால் திரும்பத் திரும்ப எழுது. பசித்தவரிடம் "உழைத்துச் சாப்பிடு" என்று ஒருபோதும் சொல்லாதே. அவர்களைவிட உழைத்தவர் யாரும் உன் அலுவலகத்தில் இருக்கமாட்டார்கள். மந்தை உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேருகிற உதவி யாரையும் கையேந்த வைக்காது. அந்த நேரத்துக்காகப் போராடு.

அன்புடன்,
உன் அண்ணன்